‘ஹார்ட்லி’ படுத்திய பாடு

ஒரேயொரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பயந்து பத்து நாள் நடுங்கினவள் நான். அந்த வார்த்தை ‘ஹார்ட்லி’. அறுபதுகளில், மாதுங்காவில், நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அக்காவுக்கு ஆறு மாதத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை. “பெர்மனென்ட் ஆகலேன்னா பாலக்காட்டுக்கு அனுப்பிடுவேன். மாமா பார்த்து வெச்சிருக்கிற வரனைப் பண்ணிக்கட்டும்” என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்த வரனும் வேண்டாம், பாலக்காடும் வேண்டாம். வேலையை நிரந்தரமாக்கக் கேட்கும் கடிதத்தை, இங்கிலீஷில் கெட்டிக்காரி என்ற மிதப்பில் நான்தான் எழுதித் தந்தேன். கடினமாக உழைத்தேன் என்பதற்கு ‘ஒர்க்ட் ஹார்ட்லி’ என்று போட்டேன். ‘ஹார்ட்’ என்றால் கடினம். வாலில் ‘லி’ சேர்த்தால் கடினமாக. வேறென்ன வேண்டும்? அக்கா அதை அப்படியே டைப் அடித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வகுப்பில் ஒருத்தி அதேமாதிரி எழுதி, எல்லோரும் சிரித்தபோதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. வேலையே செய்யவில்லை என்றல்லவா அர்த்தமாகிறது. நூலகத்துக்கு ஓடிப் பெரிய அகராதியைப் புரட்டினேன். ஆதியில் அந்த வார்த்தைக்குப் ‘பலமாக, துணிந்து’ என்றுதான் பொருளாம். பிறகு ‘சிரமப்பட்டு’ என்றாகியிருக்கிறது. சிரமப்பட்டு நடப்பது பாதி நாள் நடப்பதேயில்லை என்பதாலோ என்னவோ, கடைசியில் ‘அநேகமாக இல்லை’ என்று தேய்ந்துவிட்டது. சில நூறு வருஷம் முந்திப் பிறந்திருந்தால் நான் எழுதியதில் தப்பே கிடையாது. அந்த மேனேஜர் பழைய புத்தகங்கள் படிக்கிறவராக இருக்க வேண்டுமே என்று, அசடு, கோயிலில் போய் வேண்டிக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வருகிறவளின் முகத்தையே பார்ப்பேன். அவளும் சரியாகப் பேசவில்லை. ஆபீஸ் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். பதினோராம் நாள் பெர்மனென்ட் உத்தரவு வந்துவிட்டது. மேனேஜர் அந்த வரியைப் படித்தாரோ இல்லையோ, இன்றுவரை தெரியாது. வெட்கத்தில் நானும் விஷயத்தை முழுங்கிவிட்டேன்.

அக்கா ரிட்டயர் ஆன அன்று, அவளுடைய செம்பூர் வீட்டில் காபி குடிக்கும்போதுதான் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கொடுத்துட்டு வந்த அன்னிக்கே ட்ரெயின்ல கார்பன் காப்பியைப் படிச்சேன்டி. தூக்கிவாரிப் போட்டுது.”

“ஏன் என்கிட்ட சொல்லலே?”

“என்னாலதானேன்னு நீ ஆயுசுக்கும் அழுதுண்டிருப்பியே. வேலை போனா, என் டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிண்டுதான் மாதுங்கால இறங்கினேன்.”