முதல் பந்திக்கு எழாத மாமா

என் தாய்மாமன் அழைப்பில்லாமல் போன கல்யாணங்களுக்கெல்லாம் நான்தான் அவருடைய நுழைவுச்சீட்டு. தனியாக வரும் வாலிபனைக் கல்யாண வாசலில் நிறுத்தி யாரென்று விசாரிப்பார்கள். பட்டுப்பாவாடை கட்டி, தலைநிறையக் கனகாம்பரம் வைத்த பெண்குழந்தையைக் கையில் பிடித்து வருகிறவனை யாரும் விசாரிப்பதில்லை. பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி உள்ளே அனுப்பிவிடுவார்கள். பிற்காலத்தில் நான் சார்பதிவாளராகி, திருமணப் பதிவுக்கு வந்தவர்களிடம் அடையாளச் சான்று, இருப்பிடச் சான்று, மூலம், நகல் என்று கேட்டு வாங்கிய நாட்களில் இந்தப் பாவாடைச் சான்று அடிக்கடி நினைவுக்கு வரும். அதைவிட வேகமாகச் செல்லுபடியான ஆவணத்தை என் பணிக்காலத்தில் நான் பார்க்கவில்லை.

மாமா சாப்பாட்டுக்காகப் போகவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் அப்புச்சிக்கு, அதாவது என் அம்மாவின் அப்பாவுக்கு, வாய்க்கால் பாய்ச்சலில் நெல்லும் வாழையும் இருந்தன. என் அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் அம்மாவும் நானும் அந்த வீட்டில்தான் இருந்தோம். மாமா போனது நாதஸ்வரம் கேட்க. அதிலும் எல்லோருடையதும் அல்ல; கரட்டுப்பாளையத்தார் என்று ஊர்ப் பெயராலேயே அறியப்பட்ட ஒருவருடையது மட்டும். வானொலிக்கு அவரைத் தெரியாது. சபாக்கள் அவரைக் கேள்விப்பட்டதில்லை. அவர் வாசித்ததெல்லாம் கோயில் நோம்பித் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும்தான். கோயிலுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கல்யாணத்துக்கு அப்படி முடியாது. அந்தச் சிக்கலுக்கு மாமா கண்டுபிடித்த தீர்வு நான்.

எந்தக் கல்யாணத்தில் அவர் வாசிக்கிறார் என்பது மாமாவுக்கு அச்சகத்திலிருந்து தெரியவரும். அங்கே எழுத்துக் கோக்கும் ஆள் மாமாவுடன் படித்தவர். பத்திரிகையில் ‘மங்கல இசை’ என்ற வரிக்குக் கீழே கரட்டுப்பாளையம் வந்தால் உடனே சொல்லி அனுப்புவார். பெண்ணின் சித்தப்பாக்களுக்கே தெரியாத முகூர்த்த நேரம் மாமாவுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவிடம் சிநேகிதன் கல்யாணம் என்று சொல்லிவிடுவார். வைகாசியிலும் ஆவணியிலும் அவருடைய சிநேகிதர்கள் வாரம் தவறாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொல்வாள்.

“ஏன்டா, உன்ற சிநேகிதன் அத்தன பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சு. உனக்கு ஒண்ணு கூடி வர மாட்டீங்குதே.”

“அதுதான்க்கா போய்ப் போய்ப் பார்த்துப் பழகிட்டு இருக்கறேன்.”

அவிநாசிப் பக்கம் ஒரு பெண்ணை அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, பேச்சு முக்கால்வாசி முடிந்துவிட்டது. மாமா அதைப் பற்றி அதிகம் விசாரித்ததாக நினைவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு மேளம் யார் என்று மட்டும் கேட்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்த பிறகு நடந்துகொள்ள வேண்டிய முறையை பஸ்ஸிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லக் கூடாது. திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும். பெண்வீட்டுக்காரர்போல் தெரிந்தால், “மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எல்லாரும் சாப்பிட்டாச்சுங்களா?” மாப்பிள்ளை வீட்டுக்காரர்போல் தெரிந்தால், “பொண்ணு ஊட்டுக்காரங்க எல்லாரும் சாப்பிட்டாச்சுங்களா?” கல்யாண வீட்டில் இந்தக் கேள்விக்கு மேல் எவரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள். கேட்டவர் இலை பார்க்க ஓடிவிடுவார்.

கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். தாலி கட்டும்வரை மேளம் அடுத்தவர் கையசைப்புக்கு வாசிக்கிற மேளம். அதை மாமா கணக்கில் சேர்க்கமாட்டார். தாலி கட்டி, அட்சதை போட்டு, கூட்டம் முதல் பந்திக்குப் பாய்ந்த பிறகு பந்தல் காலியாகும். தவில்காரர்கள் கையை உதறிக்கொண்டு ஓய்வெடுப்பார்கள். அப்போதுதான் கரட்டுப்பாளையத்தார் நாதஸ்வரத்தின் வாயில் சீவாளியை மாற்றிப் பொருத்தி, நிதானமாக ஒரு ராகத்தை எடுப்பார். பெரும்பாலும் கரகரப்பிரியா. காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவர் வாசிப்பதை, மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு மாமா கேட்பார். பக்கத்தில் நான் பசியோடு உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் மாமா எழுந்து, மேடையைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போவார். அவ்வளவுதான். எத்தனையோ கல்யாணங்களில் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமாவுக்குக் கூச்சம். ரயில் நிலைய அதிகாரியிடமே சண்டை போடுகிற மனிதர், அந்த மேடைக்குப் பத்தடி தூரத்தில் சின்னப்பையனாகிவிடுவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது சென்னிமலைக் கல்யாணத்தில் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் அழையாமல் வந்து சாப்பிடுகிறவனை மன்னித்துவிடுவார்கள். வந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால்தான் நடுங்குவார்கள். ஒறம்பரை, அதாவது உறவுக்காரர், ஒருவர் பந்திக்கு எழவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: கோபித்துக்கொண்டார். சந்தனம் கொடுக்கும்போது முறை மாறியிருக்கும், அல்லது பேர் சொல்லி அழைக்காமல் விட்டிருப்பார்கள். அந்தக் கோபத்தை இலை எடுப்பதற்குள் தணிக்காவிட்டால் அடுத்த தலைமுறைவரை பேச்சுவார்த்தை இருக்காது.

அன்றைக்கு ராகம் பாதி ஏறியிருந்தபோது பெண்ணின் அப்பா பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் தும்பைப்பூ வேட்டியும் தங்கப் பொத்தானுமாக ஒரு வாலிபன். கண்கள் மூடியிருந்தன. முகம் வேறு எதையோ தாங்கிக்கொண்டிருப்பதுபோல் இறுகியிருந்தது. மனிதர் ஓடிவந்தார்.

“ஏனுங்க மாப்ள, எல்லாரும் எலைக்குப் போயிட்டாங்க. நீங்க மட்டும் உக்காந்துட்டீங்களே. எந்திரிங்க, போலாம்.”

மாமா கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். இருங்கள் என்பதற்கு. பெண்ணின் அப்பாவுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

“எங்க மேல ஏதாச்சும் கொறைங்களா? சொன்னீங்கன்னா கால்ல உழுந்தாவது சரி பண்ணிப்போடறேன்.”

மாமா இரண்டாவது விரலையும் உயர்த்தினார்.

அதற்குள் பெண்ணின் அத்தை ஒருத்தி வந்து என் முன்னால் குனிந்தாள். “ஏன் அம்மணி, உங்க மாமனுக்கு என்ன கோவம்? நீயாவது சொல்லு கண்ணு.”

நான் பயின்ற முறைப்படி கேட்டேன். “மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எல்லாரும் சாப்பிட்டாச்சுங்களா?”

அத்தை நிமிர்ந்து மார்பில் கைவைத்துக்கொண்டாள். “பார்த்தீங்களாண்ணா. அவிய பக்கத்துல யாரையோ பந்தியில எடமில்லாம நிக்க வெச்சுப்போட்டாங்களாம். அதுக்குத்தான் இந்தக் கோவம்.”

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆள் போனது. அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்தார். கூடவே அருமைக்காரர். எங்கள் கல்யாணங்களைச் செய்து வைக்கிற பெரியவர் அவர். நாலு தாலுகாவின் உறவுமுறைகளும் அவர் தலைக்குள் இருந்தன.

“உங்க ஒறம்பரைங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எந்திரிப்பாருங்க” என்றார் பெண்ணின் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா மாமாவைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “எங்க ஒறம்பரைங்களா? காலையில இருந்து நான் உங்க பக்கமின்னில்லீங்க நெனச்சுட்டு இருந்தேன்.”

இருவரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள். அருமைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா எங்கேயும் இல்லை. ராகம் மேல்ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தது.

“ரெண்டு பக்கமும் இல்லீன்னா சோத்துக்கு வந்த ஆளுதானுங்க” என்றான் ஓர் இளவட்டம்.

“சோத்துக்கு வந்தவன் மொதப் பந்தியில இல்ல இருப்பான். இவன் எந்திரிக்கவே மாட்டீங்கறானே” என்றார் இன்னொருவர்.

அந்தத் தர்க்கம் எல்லோரையும் யோசிக்க வைத்தது. சாப்பாட்டுக்கும் வரவில்லை என்றால் வேறு எதற்கு? பக்கத்து அறையில்தான் பெண்ணின் நகைப்பெட்டி இருந்தது. இளவட்டம் மாமாவின் தோளில் கை வைத்தான். சட்டை கசங்கியது. கேட்பதற்குக் கைவசம் இருந்த ஒரே கேள்வியையும் நான் கேட்டு முடித்திருந்தேன்.

அப்போது நாதஸ்வரம் நின்றது. ஒரு சுர வரிசையின் நடுவில், இலை கிழிந்ததுபோல் நின்றது. அதற்குத்தான் மாமா கண்ணைத் திறந்தார். தோளில் இருந்த கைக்கு அல்ல.

கரட்டுப்பாளையத்தார் மேடையிலிருந்தே சொன்னார். “அவரை உட்டுருங்க. அவரு எங்ககூட வந்தவருங்க.”

அருமைக்காரர் திரும்பினார். “உங்க செட்டா? என்னத்தப்பா வாசிக்கறாரு?”

“வாசிக்கறதில்லீங்க. கேக்கறாருங்க.”

“அதுக்கும் செட்டுல ஒரு ஆளா?”

“அவரு இல்லாத கல்யாணத்துல நான் இந்த ராகத்தை எடுக்கறதே இல்லீங்க.”

தவில்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு உயிர் வந்தது. ஒறம்பரை இல்லை, கோபமும் இல்லை, மேளக்காரர்தானே. “அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்ல. கடைசியா அவியகூடவே சாப்பிட்டுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இலைகளைக் கவனிக்கப் போனார்.

அருமைக்காரர் மட்டும் போகவில்லை. மாமாவின் முகத்தையும் தங்கப் பொத்தானையும் என் பட்டுப்பாவாடையையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நீங்க கோபியில பெரிய தோட்டத்துக்காரர் மகனில்லீங்களா? மூக்கு அப்படியே உங்கப்பாருதுங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே நடுப்பந்தியில எலை போடச் சொல்றேன். எதுக்கு வந்தீங்கன்னு ஒருத்தன் கேக்கமாட்டான்.”

மாமா மேடையைப் பார்த்தார். கரட்டுப்பாளையத்தார் இங்கே பார்க்கவில்லை. சீவாளியை எச்சில் போகத் துடைத்துக்கொண்டிருந்தார், தேவைக்கு அதிகமாகவே.

“இல்லீங்க” என்றார் மாமா. “நான் மேளத்தோட வந்தவனுங்க.”

அருமைக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். ராகம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அன்று அது வழக்கத்தைவிட நீண்டது என்பது என் வயிற்றுக்குத் தெரியும்.

மேளக்காரர்களுக்கு மண்டபத்தின் பின்புறம், சமையல் பாத்திரங்கள் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள். முன்கூடத்தில் பெஞ்சுகள் காலியாகத்தான் கிடந்தன. ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். “இங்கதான் காத்து வருதுங்க கண்ணு” என்றார் தவில்காரர். எல்லோரும் சிரித்தார்கள். காற்று வரவில்லை. மாமா கரட்டுப்பாளையத்தாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசினார்கள். பந்தலூர்க் கல்யாணத்தில் ராகத்தின் ஒரு பிடி வித்தியாசமாக விழுந்ததே, அது வேண்டுமென்றே செய்ததா என்று மாமா கேட்டார். அது தவறுதான், ஆனால் மாமா தலையாட்டியதால் அப்படியே வைத்துக்கொண்டதாக அவர் சொன்னார். மாமாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. என் கவலை வேறு. பரிமாறுகிறவர் காலி வாளியைக் கரண்டியால் சுரண்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வரிசைக்குப் பாயசம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல் கேட்டாள், என்ன சாப்பாடு என்று. நான் உள்ளதைச் சொன்னேன்.

“எங்க பந்திக்குப் பாயசமே வர்லம்மா.”

“எந்தப் பந்தி?”

“மேளக்காரங்க பந்தி.”

அம்மாவின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. பிறகு வீட்டில் கதவுகள் சாத்தப்பட்டன, திறக்கப்பட்டன, மறுபடி சாத்தப்பட்டன. விருந்தோம்பலில் எங்கள் வீடு இவ்வளவு கண்டிப்பானது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கரண்டிப் பாயசம் தவறியதற்கு இத்தனை கொந்தளிப்பா? மாமாவைக் காப்பாற்ற வேண்டி, “பொரியல் நல்லாத்தான் இருந்துச்சு அப்புச்சி” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். பலனில்லை. அந்த வாரமே அவிநாசிச் சம்பந்தம் நின்றுபோனது. பாயசம் கிடைக்காத மாப்பிள்ளையை அவர்களுக்கும் பிடிக்கவில்லை போலும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சென்னிமலையிலிருந்து ஆள் மூலம் முழு விவரமும் வந்து சேர்ந்த பிறகும் அப்புச்சி சத்தம் போடவில்லை. மாமாவை எதிரில் நிற்க வைத்து ஒன்றே ஒன்று கேட்டார். “அருமைக்காரர் நடுப்பந்திக்கே கூப்பிட்டாராமா. அதை உட்டுப்போட்டு அங்க போயி உக்கார உனக்கு என்னடா வந்துச்சு?”

“அவரு உங்க மகனக் கூப்பிட்டாருங்கப்பா” என்றார் மாமா. “இவியதான் என்னைக் கூப்பிட்டாங்க. இத்தன கல்யாணத்துக்குப் போயிருக்கறேன், மொதத் தடவையா என்னைக் கூப்பிட்டாங்க.”

மாமா ஏதோ பட்டம் வாங்கியவர்போல் நின்றார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். கூப்பிட்டு உட்கார வைத்தவர்களுக்கு ஒரு கரண்டிப் பாயசத்துக்கு வழிசெய்ய முடியவில்லை. அதில் இவ்வளவு பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.