செகண்ட் கியர் இறங்கிய இறக்கம்

மலை உச்சியில் குடியிருக்கும் டாக்டரம்மாவின் டிரைவருக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் செகண்ட் கியர். இருபத்தாறு வருஷமாக அந்த இறக்கத்தை இரண்டாவது கியரிலேயே இறங்கியவர். இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடுவது அவரைப் பொறுத்தவரை அடுத்தவன் தட்டில் கை வைப்பது மாதிரி. எவனாவது வளைவில் பிரேக் அடித்துவிட்டால் அன்று முழுக்க ஸ்டாண்டில் அவருடைய வகுப்புதான். கேட்பவன் கொட்டாவி விட்டால் ஆமோதிக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் டாக்டரம்மா புது வண்டியைக் கட்டினார். சிவிடி வண்டி, கியர் மாற்றும் வேலையே கிடையாது.

"இது உங்களுக்குச் சரிப்பட்டு வருமாண்ணே? இல்லேன்னா கொழுந்தன்கிட்ட ஒரு டிரைவர் இருக்கான்."

"இருபத்தாறு வருஷம்மா!" என்றார் செகண்ட் கியர். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை.

மறுநாள் காலை, இறக்கத்தின் தலைப்பில், வழக்கம்போல ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி தயங்கும் என்று பார்த்தால், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி பாய்ந்தது. முதல் வளைவில் டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் பிரேக்கைத் தொட்டார். இரண்டாவதில் மிதித்தார். அப்புறம் காலை எடுக்கவே இல்லை.

"அண்ணே, ஏதோ கருகுது."

"கீழ எவனோ டயர் கொளுத்துறான்மா."

"நம்ம சக்கரத்துலருந்துதாண்ணே புகையே வருது!"

ஓரம் கட்டினார். டாக்டரம்மா கையேட்டைப் புரட்டினார். "லிவர்ல எல்-னு ஒண்ணு இருக்கே, இறக்கத்துல அதுல போட்டா இஞ்சின் பிடிச்சுக்குமாம். பாக்கலியா?"

"பாத்தேம்மா. என்னன்னு கேட்டா, ஆளுக்கு வயசாயிடுச்சும்பீங்களோன்னு கேக்கல."

பிரேக் ஆற அரைமணி நேரம் ஆனது. எல்லில் போட்டு இறங்கினார். இஞ்சின் ஊரைக் கூட்டி அலறியது. வண்டியோ அடக்கஒடுக்கமாக நடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். "ஒர்க்‌ஷாப்புல காட்டி, பிரேக்கை நான்தான் கருக்கினேன்னு சொல்லிடறேம்மா. சாயங்காலம் கொழுந்தனார் டிரைவரையே வரச் சொல்லுங்க."

"அவனும் கேக்காம ஓட்டி இன்னொரு செட் பிரேக்கைப் புகைய விடவா? நாலு மணிக்கு வாங்க. தெரியலேன்னா கேளுங்க, வைய மாட்டேன்."

செகண்ட் கியர் மூன்று மணிக்கே வந்து நின்றார்.