ஆயாக்கொட்டகையின் ஐந்து பிள்ளைகள்

நவமணி லேசில் யாரையும் நம்பமாட்டாள். கோயில் பிரசாதத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை அவள் பொறுப்பு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் விட்டுச்செல்லும் நான்கு பிள்ளைகளோடு, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பெற்ற தன் மூன்று வயது ரூபினியையும் அங்கேயே வளர்த்தாள்.

போன வருஷம், லயத்து வீடுகளின் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க கிளினிக்கிலிருந்து தாதிகள் கொட்டகைக்கு வந்தார்கள். நவமணி வாசலை மறித்தாள்.

“எதுக்கு மிஸ்ஸி ரத்தம்? எங்க கொண்டுபோய் விக்கப் போறீங்க?”

தாதி நாதிரா தமிழ் பேசுவார். “ஈயம் சேந்தா புள்ளைங்க மூளை வளர்ச்சி கெட்டுரும்கா. வெளிய தெரியாது.”

ரூபினிக்கு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வரவில்லை. நவமணி வழிவிட்டாள்.

லயத்தில் மொத்தம் பதினாறு பிள்ளைகளுக்குப் பார்த்ததில் ஐந்து பேருக்கு ஈயம் கூடுதல். ஐவரும் கொட்டகைப் பிள்ளைகள். ரூபினிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்.

நவமணிக்குக் கொட்டகைச் சுவரின் பழைய பெயிண்ட் மேலும் தண்ணீர்க் குழாய் மேலும் சந்தேகம். ஆபீசுக்கே போய் மேனேஜரிடம், “எங்க புள்ளைங்கள கொல்லப் பாக்குறீங்களா துரை?” என்று கத்தினாள். நாங்களும் பின்னால் நின்றோம். பெயிண்ட்தான் என்று நானும் சத்தியம் பண்ணியிருப்பேன். சோதித்தார்கள், இரண்டிலும் குற்றமில்லை.

“பொய் லா! துரை சொல்லிக் குடுத்திருப்பாரு” என்றாள்.

பிறகு ஒருநாள் நாதிரா காலையிலேயே வந்து கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வந்ததும் நவமணி பெயர் ஒட்டாத ஒரு டப்பாவைத் திறந்து, ஒவ்வொருவர் கண்ணிலும் கன்னத்திலும் மை இட்டாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பாள். கடை மையில் என்ன கலப்பானோ என்று, தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி வரவழைத்த மை அது. ரூபினிக்குச் சாயங்காலமும் உண்டு.

நாதிரா டப்பாவைக் கேட்டார்.

“நல்ல மை மிஸ்ஸி. ஒங்களுக்கும் வேணுமா?”

அடுத்த வாரம் சோதனையில் தெரிந்துவிட்டது. ஈயம் அந்த மையில்தான் இருந்தது.

அன்று வேலை முடிந்து தாய்மார்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. சசிரேகாதான் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேட்டாள்: “எம்புள்ளைக்கு எத்தன நாளா வச்சீங்கக்கா?”

நவமணி ரூபினியின் கண்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். குழந்தை வலியில் சிணுங்கியது.

“ஒருநாளும் விட்டதில்ல சசி. எம்புள்ளைக்கு மட்டும் செஞ்சேன்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு.”