வரப்பில் நின்றவர்

"இது நீங்கதானேங்கம்மா?" என்று கேட்டபடி செம்மொழி அந்தப் படத்தை நீட்டினாள்.

நாற்றுப் பறித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்சம் அதை வாங்கிப் பார்த்தார். "நான்தான். இது எப்படி ஒங்கிட்ட வந்துச்சு?"

"தஞ்சாவூர்ல புகைப்படக் கண்காட்சி வைக்கிறோங்க. படங்களத் தேர்ந்தெடுத்து மாட்டுறது என் வேலை. இதையும் வைக்கலாமான்னு ஒரு வார்த்த கேக்க வந்தேன்."

"இத்தன வருசத்துல கேட்டு வந்த மொத ஆளு நீதான் பாப்பா. அடியில இங்கிலீசுல இன்னமும் அதேதான் போட்டிருக்கா?"

செம்மொழி இரண்டு மொழியும் படித்தவள். அந்த நேரம் ஒன்றாவது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. "'விவசாயியின் விதவை, காவிரி டெல்டா, 2017'னு போட்டிருக்குங்க."

"படம் புடிச்சப்ப எங்க வீட்டுக்காரரு வரப்புல நின்னு வெத்தல போட்டுக்கிட்டிருந்தாரு."

"அப்ப... இப்ப?"

"இப்ப எழுதுனபடிதான் இருக்கு" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார் அம்சம்.

திருக்கடையூருக்குப் பக்கத்தில் அவருடைய ஊர். அவரும் கணவர் பஞ்சநதமும் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் அந்த வருடம் சம்பா கருகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மழையும் ஏமாற்றியது. மாட்டுக்காவது ஆகட்டும் என்று அம்சம் காய்ந்த பயிரை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். குனிந்து வேலை செய்கிற பெண்கள் தாலிக்கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் முன்னால் ஆடிக் கையில் சிக்கும். அம்சமும் தள்ளிவிட்டிருந்தார். வந்தவர் வெறுங்கழுத்தைப் பார்த்தார், வெடித்த வயலைப் பார்த்தார். உட்கார்ந்து கன்னத்தில் கை வைக்கச் சொன்னார்.

"போச்சுடா! ஒன்னைய சினிமாவுக்கு எடுத்துட்டாங்க. அழுவாச்சி வேசந்தான் போல" என்று பஞ்சநதம் வரப்பிலிருந்து கேலி பேசினார்.

"ஐயா, உங்க நிழல் விழுது. தள்ளிக்குங்க."

அவர் தள்ளிக்கொண்டார். அதற்குள் ஒரு படம் எடுத்தாகியிருந்தது.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. வறட்சி என்றால் பத்திரிகைகள் அதையே போட்டன. யாரோ படித்துச் சொன்ன அன்று, "செத்தவனுக்கு ஒரு டீ போடுடி" என்று பஞ்சநதம் வயிறு வலிக்கச் சிரித்தார். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ ஆறு நிறையத் தண்ணீர் வந்தது. பயிர் பால் பிடித்து நின்ற நேரத்தில், மாரைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

பிணத்தின் தலைமாட்டில் அவருடைய அக்கா ரெங்கம்மாள் அடித்துக்கொண்டு அழுதார். "தாலிய ஒளிச்சுக்கிட்டுப் படத்துக்கு உக்காந்தியேடி! உசுரோட இருந்தவன எழுதியே அனுப்பிட்டாங்களே!" ஊர் வாய்க்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தம்பி வீட்டில் ரெங்கம்மாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொட்டதில்லை.

இதையெல்லாம் கேட்ட செம்மொழி, சென்னைக்காரரிடம் வெட்டாத மூலப் படத்தைக் கேட்டு வாங்கினாள். அதன் இடது மூலையில், கண்காட்சிப் படத்தில் இல்லாத ஒரு நிழல் கிடந்தது. தலையில் துண்டு, வாய்க்குப் போகிற கை. அவள் செல்போனில் அதைக் காட்டியதும் அம்சம் சேற்று விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்தினார்.

"அவருதான் பாப்பா. இத அவரு அக்கா, எங்க அண்ணி பாக்கணும். பெரிசா, செவுத்துல பாக்கணும்."

சென்னைக்காரர் சம்மதிக்கவில்லை. "நிழலை வெட்டினதுதாங்க என் படம். கீழ என்ன வேணாலும் மாத்தி எழுதிக்குங்க, படத்துல கை வைக்காதீங்க" என்று முடித்துவிட்டார். செம்மொழி எதிர்த்துப் பேசிப் பழகியவள் அல்ல. அம்சத்துக்குத் தகவல் சொன்னாள். "எழுத்தாவது மாறுதுல்ல, அது போதும்" என்றார் அவர். என்ன சொல்லி அழைத்தாரோ, ரெங்கம்மாளையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

தஞ்சாவூர்க் கூடத்தில் படத்தின் முன் இருவரையும் நிறுத்தி, தான் எழுதியதைச் செம்மொழி வாசித்தாள். "அம்சம், விவசாயி. இந்தப் படம் எடுக்கப்பட்டபோது இவருடைய கணவர் பஞ்சநதம் உயிரோடு அருகில் நின்றிருந்தார்."

"அன்னைக்கும் எழுதுனாங்க, இன்னைக்கும் எழுதுறாங்க" என்றார் ரெங்கம்மாள். "எந்தம்பி எங்க?"

செம்மொழி அவசரமாகச் செல்போனை எடுத்துக் காட்டினாள். புரை விழுந்த கண்ணைச் சுருக்கிப் பார்த்த ரெங்கம்மாள், "கறுப்பா ஒரு திட்டு தெரியுது. மாடா மனுசனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்சம் போகவில்லை. படத்தின் இடது ஓரத்தை ஒட்டி ஒரு சாண் வெற்றுச் சுவர், அதற்கப்பால் தரங்கம்பாடிக் கடலில் ஒரு படகின் படம். அந்த வெற்றுச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி செம்மொழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் படகு படத்த வேற எங்கயாவது மாட்டிக்கிறியா பாப்பா? அவரு நின்ன எடம் இது."