நாச்சிமுத்து அண்ணனும் சுருட்டின் மேல் இலையும்

போன செவ்வாய்க்கிழமை காலை, தையல் லைனில் நின்று ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்துப் பட்டியை அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நாச்சிமுத்து அண்ணனின் மனைவி சரசு அக்கா. "அம்மிணி, அவரு போயிட்டாருங்க" என்றார். அந்த நேரத்தில் என் வாயில் முதலில் வந்த சொல்லை மறைக்க விரும்பவில்லை. "சொன்னா கேட்டாத்தானே" என்றேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக நான் தரம் பார்க்கிறேன். நாச்சிமுத்து அண்ணன் பேக்கிங் பொறுப்பு. நான் சரி என்று விட்டது அவர் கையில் பெட்டிக்குள் போகும். அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. அந்த மனிதரின் வாயில் எப்போதும் பற்றவைக்காத சுருட்டு ஒன்று இருக்கும். துணி இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்பதை ஒருநாளும் மீறியதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்குப் போய்த்தான் பற்றவைப்பார். நாளுக்கு ஒன்றே ஒன்று. மற்ற நேரமெல்லாம் உதட்டில் வைத்து ருசி பார்ப்பது.

புகையை விட அவருக்கு முக்கியம் அதன் மேல் இலை. சுருட்டின் வெளியே கடைசியாகச் சுற்றுகிற ஒற்றை இலை. ருசியெல்லாம் அதில்தான் என்பார். "கார இலைதானுங்க இலை" என்பார். காரமான புகையிலை என்றால் எனக்கு இருமல்தான் தெரியும். ஒருநாள் எரிச்சலோடு, "காரம் காரம்ங்கறீங்களே, அதுல என்னங்கண்ணா பெரிய ருசி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு. அரைமணி நேரம் போயிற்று.

"அம்மிணி, சரக்கு வாங்குற பையர்கிட்டப் போயி துணி நீலம்னு சொன்னா ஒத்துக்குவானுங்களா? எந்த நீலம்னு கேப்பான். காரமும் அப்படித்தான். உதட்டுல ஒரு காரம், நாக்கு நுனியில ஒண்ணு, மூக்கு வழியாப் புகைய விட்டா அங்க ஒண்ணு. எங்க இருக்குதுன்னு சொல்லத் தெரியாதவன் காரம்னே சொல்லக்கூடாது."

அந்த அரைமணி நேரத்தில் இரண்டு பெட்டிகள் அளவு மாறிப் போய்விட்டன. திட்டு வாங்கியது நான்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் வேனில் போய்த் திரும்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "அஞ்சு நிமிசமுங்க" என்று இறங்கி ஒரு சுருட்டுக் கடைக்குள் போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டுக் கட்டாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில் நரம்பு தடிப்பு. இன்னொன்றில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, இலை வறண்டுவிட்டது. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அண்ணே, சுருட்டு வாங்க வந்தீகளா, பொண்ணு பார்க்க வந்தீகளா?" என்று கேட்டார். அண்ணன் நிமிரக்கூட இல்லை. கடைசியில் வாங்கியது மூன்று. அன்றைக்கே இருந்த என் தம்பி மகளின் காதுகுத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் சொன்னபின் நான் செய்ததையும் சொல்லவேண்டும். ஒரு மழைக்காலத்தில் குழந்தைத் துணி ஏற்றுமதிக்குத் தயாராக இருந்தது. சோதிக்க வந்தவர் பெட்டியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். ஏதோ வாடை. மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட்டார். நாற்பது பேர் முன்னால் நான் அண்ணனைப் பார்த்து, "உங்க சுருட்டு நாத்தம் கொழந்தத் துணி வரைக்கும் வந்துருச்சு. இப்ப திருப்திங்களா?" என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தார். "இது பொகையில இல்லீங்க அம்மிணி. பொகையிலைக்கு இந்தப் புளிப்பு வராது" என்றார். பிறகு காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனார். பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் மழை ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தன. அதுதான் வாடை. இரண்டு நாள் துணிகளைக் காற்றாட விட்டு, புதுப் பெட்டியில் அடைத்து அனுப்பினோம். நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். "இருந்தாலும் கையக் கழுவிட்டு பேக் பண்ணுங்க" என்றேன். அவர் குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வருடம் அவர் சோற்றில் ரசத்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "நாக்கு ஓரத்துல ஒரு சின்னப் புண்ணுங்க. இந்தக் கட்டு இலை கொஞ்சம் காரம் சாஸ்தி" என்றார். டாக்டரிடம் போகச் சொன்னேன். தினமும் சொன்னேன். சிரித்துச் சிரித்தே ஏழெட்டு மாதம் ஓட்டினார். காரம் உதட்டிலா, நுனியிலா, மூக்கிலா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த நாக்குக்கு, தன்மேல் இருந்தது என்ன என்று தெரியாமல் போயிற்று. கோயமுத்தூரில் அறுவை செய்து நாக்கில் பாதியை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். பேச்சு புரியவில்லை, போனில் தட்டிக் காட்டினார். நலம் விசாரித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னுமாங்கண்ணா?" என்றேன். சரசு அக்கா, "நீங்களாச்சும் கேளுங்க அம்மிணி. அதைத் தூக்கிப்போட உடமாட்டேங்கறாரு" என்றார்.

அவர் தட்டினார்: 'ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி வாங்குனது. ருசி பாக்கவே இல்ல. எனக்கு இனி தெரியாது. பத்தவெக்க வேண்டாம். மேல் இலைய நாக்குல தொட்டுச் சொல்லுங்க.'

முடியாது என்றேன். என்னென்னவோ திட்டினேன். அவர் சுருட்டை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் வாங்கி, நுனி நாக்கில் வைத்தேன்.

"காரமா இருக்குதுங்க."

'எங்க?' என்று தட்டினார்.

எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டேன். "மொதல்ல ஒண்ணுந் தெரியல. இப்ப உதட்டோரம் குறுகுறுங்குது. மொளகு இல்லீங்க, கிராம்பு மாதிரி. பொறுங்க, அடங்குனதுக்கப்புறம் கொஞ்சம் இனிக்குது."

கண்ணைத் திறந்தபோது அவரும் கண்ணை மூடியிருந்தார். மெதுவாகத் தலையசைத்தார். பிறகு, 'நானும் அப்படித்தான் நெனச்சேன்' என்று தட்டிக் காட்டிவிட்டு, சுருட்டை என்னிடமிருந்து வாங்கி சரசு அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதை நசுக்கிக் குப்பையில் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

அன்றுதான் பெட்டி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது எந்த மழைக்காலம் என்றே நினைவில்லை.

அந்த இலைமேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர்மேலும் இருக்கிறது, இறந்துபோனார் என்பதற்காக அது குறைந்துவிடவில்லை. அதை வைத்துக்கொள்ளப் போகிறேன். அதோடு, பாதி நாக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்கு என் நாக்கைக் கொஞ்ச நேரம் கடன் கொடுத்தேன் என்பதையும் வைத்துக்கொள்கிறேன்.