வாறேன் என்று சொன்ன குற்றம்

சிகிச்சை முடிந்து போனவர் அதே நோவுக்காகத் திரும்பி வந்து நின்றால் மட்டுமே அதை மறுவருகை என்று எழுத வேண்டும். விதி அவ்வளவுதான். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் அரசு ஆஸ்பத்திரியின் வாசற்படியில் கிடந்த ஒரு நாற்காலி அந்த விதியை விழுங்கிவிட்டது.

நாற்காலியில் இருந்தவர் சேவையின் தரத்தை உயர்த்த வந்த அதிகாரி. வடக்கே ஒரு திருகாணித் தொழிற்சாலையில் பாடம் கற்றவர். விற்ற திருகாணி திரும்பி வந்தால் செய்தவர் குறை; நோயாளி திரும்பி வந்தால் நர்ஸின் குறை. ஆனால் திரும்பி வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. அகராதி பார்த்துக் கொஞ்சம் தமிழ் படித்திருந்தார். படியிறங்கிய ஒவ்வொருவரும் "வாறேன் நர்ஸம்மா" என்றார்கள். ஒவ்வொன்றையும் மறுவருகை என்று குறித்துக்கொண்டார். அவர் கணக்கில் எங்கள் ஆஸ்பத்திரி ஒருவரைக்கூடக் குணப்படுத்தவில்லை.

நர்ஸுக்குப் பக்கத்தில் செங்கல் என்கிற ஊரில் படுத்த படுக்கையாய், வயதான ஓர் அம்மை உண்டு. மாற்றலுக்குப் பயந்து, ரப்பர் வெட்டும் ஒரு பெண்ணிடம் கெஞ்சினார்: "மக்கா, இறங்கும்போ போறேன்னு சொல்லு."

"ஆஸ்பத்திரியில வச்சு போறேன்னு சொல்லணுமாக்கும்? மருந்து தந்தது போதாதுன்னு என்னை ஒரேயடியா அனுப்பிவைக்கப் பாக்குதியளா?"

குமாஸ்தாவான நான், இது விடைபெறும் தமிழ் வழக்கம், மலையாளத்திலும் உண்டு என்று மேலிடத்துக்கு விளக்கி எழுதினேன். எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்த காலம். தமிழ் என்ற சொல்லுக்கு மேல் யாரும் வாசிக்கவில்லை. "போராட்டத்த ரோட்டில நடத்தும் ஓய், பைலில வேண்டாம்" என்றார் அங்கிருந்த தலைமைக் குமாஸ்தா.

நர்ஸை, அப்போது எங்கள் மாநிலத்தில் இருந்த செங்கோட்டைக்கு மாற்றினார்கள். விதியின் எண்ணைக் காட்டி மேல்முறையீடு அனுப்பினேன். உதியன்குளங்கரையில் பஸ் ஏறும்போது, அம்மையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்த அவர், "வாறேன் சாரே" என்றார். அந்த அதிகாரி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அதையும் குறித்திருப்பார்.

இப்போதும் ஆஸ்பத்திரி வாசலில் திருப்தியா என்று கேட்டு ஓர் அட்டையை நீட்டுகிறார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாறேன் என்று சொல்லிப் படியிறங்குகிறேன்.

அன்று அந்த மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. விதி நான் சொன்னதுதானாம், மாற்றல் ரத்து, நர்ஸ் உடனே திரும்பி வரலாமாம். செங்கோட்டையோ அங்கிருந்த ஊழியர்களோடு சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டிருந்தது, முந்தின நாள்தான். பதில் வந்த தேதி 1956 நவம்பர் இரண்டு.