நெதர்லாந்தின் தலைநகரம் எது?

வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வேலையும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்டேஷன். எத்தனை அட்டைப்பெட்டி, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று பேப்பர் தயார் பண்ண வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பேங்க்கிலிருந்து திரும்பி வந்துவிடும். அதனால் எதையும் நாலு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துக்கு வைக்கமாட்டேன். "சாருக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க" என்று கம்பெனியில் சொல்வார்கள். வெளியே "அப்படியெல்லாம் இல்லீங்க" என்பேன். உள்ளே ஜில்லென்று இருக்கும்.

மின்வெட்டு ஆரம்பித்திருந்த காலம் அது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் போய்விடும். அவசர ஆர்டர் இருந்தால்தான் ஜெனரேட்டர் ஓடும். இல்லாத நாளில் மொத்தக் கம்பெனியும் கேன்டீனில் வந்து உட்கார்ந்து கையில் கிடைத்த அட்டையால் விசிறிக்கொண்டிருக்கும். சும்மா இருக்க முடியாமல் நான்தான் பொது அறிவுக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அது வளர்ந்து, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஆபீஸ் என்று செக்ஷனுக்கு மூன்று பேர் கொண்ட அணிகளாகி, புதன்கிழமைதோறும் லீக் போட்டி என்று ஆனது. கேள்வி எழுதுவதும் நான், கேட்பதும் நான், தீர்ப்புச் சொல்வதும் நான். மதியச் சாப்பாட்டு விவரம் எழுதும் கரும்பலகையில் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று வேறு எழுதி வைத்தேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

விளையாட்டாகவே போயிருக்க வேண்டியது. என் உதவியாளர் வேலையை விட்டுப் போனதில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஒரு புதன்கிழமை முதலாளி தற்செயலாகக் கேன்டீன் பக்கம் வந்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார்: "ஜெயிக்கற அணியோட கேப்டனையே அந்தச் சீட்டுல போட்டுருங்க. வெளிய எதுக்கு ஆள் தேடறீங்க?" அன்றிலிருந்து அது விளையாட்டாக இல்லை. என் கேள்விகள் ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கப் போகின்றன.

இறுதிப் போட்டிக்கு வந்தவை செக்கிங்கும் பேக்கிங்கும்.

செக்கிங் கேப்டன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்த பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். செக்கிங்கில் நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு பனியனாக விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒட்டுவதோடு சரி. அதைச் சரிசெய்வது தைத்தவர் வேலை; 'ஆல்டர்' என்பார்கள். சரிசெய்து திரும்பி வந்ததும் பார்த்து, திருப்தியாக இருந்தால் ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள். அப்படி நின்று நின்று அவளுக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. இனி நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்காரும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தைச் சில்லென்ற தரையில் அழுத்திக்கொள்வாள். மடியில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பொது அறிவுப் புத்தகம், அட்டை கிழிந்தது.

"சார், உக்காந்து பார்க்கிற வேலைலா அது? எனக்குக் கிடைச்சிரும்லா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நல்லாப் படிம்மா" என்றேன். நடுவன் அதற்கு மேல் என்ன சொல்வது? ஆனால் அவள்தான் வர வேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டேன். அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பேக்கிங் கேப்டனும் நல்ல பையன். தாராபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவன். பெட்டிகளின் மேல் அச்சுத்தகடு வைத்து ஊர்ப்பெயர் அடிப்பது அவன் வேலை.

இறுதிப் போட்டிக்கு இருபத்தைந்து கேள்வி. கடினமானவற்றையெல்லாம் இரண்டு புத்தகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசிக் கேள்வியை மட்டும் வேண்டுமென்றே சுலபமாக வைத்தேன். கடைசியில் கை கால் உதறும், தெரிந்ததும் மறந்து போகும், பாவம் என்று நினைத்தேன். அதன் பதிலை எங்கும் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? வாராவாரம் என் விரல் அடிக்கிற பெயர்தானே.

புதன்கிழமை கேன்டீன் நிரம்பி வழிந்தது. முன் பெஞ்சில் மேனேஜர். இருபத்துநாலு கேள்வி முடிந்தபோது இரண்டு அணியும் சமம்.

"நெதர்லாந்தின் தலைநகரம் எது?"

அவள் கைதான் முதலில் உயர்ந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"ஆம்ஸ்டர்டாம்."

என் பேப்பரைப் பார்த்தேன். நானே எழுதியது, நீல மசியில். "தவறு" என்றேன். "பேக்கிங்?"

பேக்கிங் கேப்டன் வாயைத் திறப்பதற்குள் அந்த செக்ஷன் முழுவதும் ஒரே குரலில் கத்தியது: "ரோட்டர்டாம்!"

"சரி" என்றேன்.

கூரை அதிர்ந்தது. தையலிலும் கட்டிங்கிலும் தலையாட்டினார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வந்திருக்காது. எங்களுக்கு ஜெர்மனி என்றால் ஹாம்பர்க், பெல்ஜியம் என்றால் ஆன்ட்வெர்ப், நெதர்லாந்து என்றால் ரோட்டர்டாம். பெட்டி எங்கே போய் இறங்குகிறதோ அதுதான் நாடு.

அவள் மட்டும் எழுந்து நின்றாள். "புத்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருந்துச்சு" என்றாள், கெஞ்சுகிற குரலில்.

நான் கரும்பலகையைக் கை காட்டினேன். நடுவர் தீர்ப்பே இறுதியானது. அவள் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஆபீஸ் வந்தபோது, கேன்டீனில் நான் மறந்து வைத்துவிட்டு வந்த கேள்விப் பேப்பர் என் மேஜையில் இருந்தது. கடைசி வரியில், ரோட்டர்டாம் என்ற சொல்லைக் காட்டி, ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். வேறு எழுத்து இல்லை, பெயர் இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்ன திமிர் என்று நினைத்தேன். கூடவே, பூட்டை இழுத்துப் பார்க்கிற அந்தப் பழைய நடுக்கமும் வந்துவிட்டது. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று மேனேஜர் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, "சனிக்கிழமை முதலாளி கையெழுத்துப் போட்டுருவாருங்க தம்பி. திங்கக்கிழமை உங்களுக்கு ஆள் வந்துரும்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகளின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்தேன். ஐரோப்பாப் பக்கம். நெதர்லாந்து கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் வெறும் புள்ளி. ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் தலைநகரக் குறி. விளக்கைப் பக்கத்தில் இழுத்து மறுபடி பார்த்தேன். பிறகு மகளின் சமூக அறிவியல் புத்தகத்தையும் பார்த்தேன். இந்தச் சரிபார்ப்பையெல்லாம் போன வாரமே செய்திருக்கலாம்.

"ஏனுங்க, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கறீங்க? ஊட்டுக்கு வந்தும் கப்பல்தானா?" என்றாள் மனைவி. சொன்னேன். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "நாளைக்குப் போனதும் சொல்லிப் போடுங்க. அதுக்கென்னங்க?"

அதுக்கென்னவா? முந்நூறு பேர் முன்னால், சாருக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க என்று சொன்னவர்கள் முன்னால், பேப்பரையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை நான் தப்பாக உட்கார வைத்தேன் என்று சொல்ல வேண்டும். கொண்டாடிக்கொண்டிருக்கிற பேக்கிங் செக்ஷனிடம் சொல்ல வேண்டும். இவன் அடிக்கிற இன்வாய்ஸ் எத்தனை தப்போ என்று முதலாளி யோசிப்பாரே?

வெள்ளிக்கிழமை எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவளே வந்து கேட்கட்டும், கேட்டால் உடனே ஒத்துக்கொள்வேன். அவள் வரவில்லை. செக்கிங் பக்கம் ஏதோ வேலை போல இரண்டு தடவை போனேன். ஒரு காலை மடித்து மேஜைக் கம்பியில் வைத்து, மறு காலில் நின்று துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். "வாங்க தம்பி, என்னங்க சமாச்சாரம்?" என்றார். "ஸ்டேப்ளர் பின் தீந்து போச்சுங்க" என்றேன். ஒரு டப்பா கொடுத்தார். மத்தியானம் மறுபடி போனேன். அப்போது முதலாளி உள்ளே இருந்தார். கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என் டிராயரில் இரண்டு டப்பா பின் ஏற்கெனவே இருந்தது.

திங்கட்கிழமை பேக்கிங் கேப்டன் தேய்த்த சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக வந்து என் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கையில் உத்தரவு. "தப்புப் பண்ணுனா திட்டுங்க சார், கத்துக்கறனுங்க" என்றான். அவனுக்கு முதல் வேலையாக எடுத்துக் கொடுத்த ஃபைலின் மேலேயே இருந்தது, போய்ச் சேரும் துறைமுகம் ரோட்டர்டாம். அவன் அதைப் பார்த்து ரொம்பத் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி சிரித்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மத்தியானம் கரண்ட் போனதும் கேன்டீனில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஆம்ஸ்டர்டாம்தான் சரி, தப்பு என்னுடையது, செக்கிங் அணிதான் ஜெயித்தது என்றேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பேக்கிங் கேப்டன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மேனேஜர் தோளில் கை போட்டு என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "அட, ஒரு கேள்விதானுங்களே தம்பி! உத்தரவு போட்டாச்சு. இவன் என்னங்க தப்புப் பண்ணுனான்? உக்காந்தவனை எப்படிங்க எழுப்பி உடறது? சனிக்கிழமை ரண்டு தடவை வந்தீங்களே, அப்பச் சொல்லியிருந்தா வேற பேச்சுங்க."

அவள் கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தாள். காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். "அந்தப் பேப்பர் இருக்கா சார்?" என்றாள்.

நாலு நாளாகச் சட்டை மாற்றி மாற்றிப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ரோட்டர்டாமை அடித்து மேலே ஆம்ஸ்டர்டாம் என்று நான் எழுதியிருந்ததை, பனியனைப் பார்ப்பது போலவே, வெளிச்சத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் ஸ்டிக்கரை உரித்தாள்.

"ஆல்டர் சரியாத்தான் இருக்கு சார்" என்றாள். "ஆனா ஷிப்மென்ட் போயிருச்சே."

கரண்ட் வந்தது. ஸ்டிக்கரைப் புறங்கையில் ஒட்டிக்கொண்டு, அவள் போய்த் தன் மேஜை முன்னால் நின்றாள்.